காட்டுமாடு மறிச்ச பாதை

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க. எனக்கு இந்தப் பக்கம் போதும். காத்து மூஞ்சியில அடிச்சா எனக்குத் தலைவலி வரும்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு. கண்டக்டர்கிட்ட அவர் சொல்லிட்டுப் போனதைக் கேட்டீங்கல்ல? "கோயமுத்தூர்ல பாத்து இறக்கி விடுங்க, தனியாப் போய்ப் பழக்கமில்ல"ன்னு. கண்டக்டருக்குச் சிரிப்பு தாங்கலை. சிரிக்கட்டும். நாப்பத்தேழு வயசுப் பொம்பளையை இந்தக் காலத்துல எவன் இப்படிப் பத்திரமா ஏத்திவிடுறான், சொல்லுங்க.

தங்கச்சி வீட்டுக்குத்தான் போறேன். ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல இருந்தவ இப்ப தனியா ஒரு வீடு பிடிச்சிருக்கா. நாளைக்குக் காலையில பால் காய்ச்சுறா. அவர் வரலை. அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்னுட்டாரு. ஏன்னு கேக்குறீங்களா? நீங்க இறங்குற தாராபுரம் வரைக்கும் வேற என்ன வேலை, கேளுங்க. யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா ஒருபக்கமாச் சொன்னதா ஆயிரும்.

தங்கச்சி பேரு நீலவேணி. வேணின்னு கூப்பிடுவோம். என்னைவிடப் பதினாறு வயசு சின்னவ. எங்க அம்மா போறப்ப அவளுக்கு ஒம்போது வயசு. அப்பறம் எங்க வீட்டுலதான் வளந்தா. அவளை காலேஜ்ல சேத்துவிட்டது அவருதான். அவ டீச்சராகணும்னா. அவர் வேண்டாம்னாரு, பிசியோதெரபி படின்னாரு. படிச்சா. இப்ப கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில கை கால் விளங்காதவங்களை நடக்க வைக்கிறா. ஊரான் காலையெல்லாம் சரி பண்ணுறா, தன் வாழ்க்கை ஒத்தக் கால்ல நிக்குதுன்னு அவர் அடிக்கடி சொல்லுவாரு. முப்பத்தொண்ணு ஆச்சுல்ல.

மூணு தடவை வீட்டுல பொண்ணு பாக்க வந்தாங்க. மூணு தடவையும் அவ கோவமாப் பேசலை, அழலை. காப்பி குடுத்தா. அஞ்சு நிமிஷம் உக்காந்தா. அப்பறம் எந்திரிச்சு, "மன்னிச்சுக்குங்க, எனக்கு ட்யூட்டி இருக்கு"ன்னு சொல்லிட்டு செருப்பை மாட்டிட்டுப் போயிட்டா. வந்தவங்க கையில காப்பி டம்ளரோட உக்காந்திருக்காங்க, பொண்ணைக் காணோம். எங்க மானம் போச்சு.

அப்பத்தான் அவருக்கு இந்த யோசனை வந்துச்சு. அவர் ஆபீஸ்ல மனமகிழ் மன்றம்னு ஒண்ணு. வருஷாவருஷம் மே மாசம் குடும்பத்தோட மலையில ஒரு நாள் நடை. காலையில ஏறி, காட்டுக்குள்ள மெதுவா நடந்து, கட்டுச்சோறு சாப்பிட்டு, சாயங்காலம் இறங்குறது. எல்லா ஏற்பாடும் அவருதான். இந்த வருஷம் தாண்டிக்குடிப் பக்கம். அவர் சொன்னாரு, "வீட்டுல வச்சா எந்திரிச்சுப் போறா. மலையில வச்சா எங்க போவா? ஒத்தையடிப் பாதை, ஒரே வேன். சாயங்காலம் வரைக்கும் கூட இருந்துதான் ஆகணும்." எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மூளைன்னா அவரு மூளை.

மாப்பிள்ளை அவர் செக்‌ஷன்லயே வேலை பாக்குற பையன், இளங்குமரன். முப்பத்தஞ்சு வயசு. அதிர்ந்து பேச மாட்டாப்ல. அவங்கம்மா செண்பகவல்லியையும் கூட்டிட்டு வரச் சொல்லியாச்சு. வேணிக்கு நான்தான் போன் போட்டேன். "சும்மா நடக்கத்தான்டி, நீயும் நானும் சேர்ந்து எங்கயாவது போய் எத்தனை வருஷமாச்சு"ன்னேன். அது பொய்யில்லைங்க. நெசமாவே போனதில்லை.

விடிய அஞ்சரைக்கு வேன் கிளம்பிருச்சு. பதினாலு பேரு. யாரு எந்த சீட்டுன்னு அவர் எழுதியே வச்சிருந்தாரு. வழியில டீக்கடையில நிறுத்தினாங்க. எல்லாரும் இறங்கினாங்க. நானும் இறங்கலாம்னு காலை எடுத்து வச்சேன். "மங்கைக்கு வேண்டாம், அவளுக்கு டீ ஆகாது"ன்னு கீழ இருந்தே சொன்னாரு. என் பேரு மங்கையர்க்கரசி. டீ எனக்கு ஆகும்தான். ஆனா இறங்கி ஏறுறது சிரமம்னு அவர் நினைச்சிருப்பாரு. எனக்கு எது ஒத்துக்கும் ஒத்துக்காதுன்னு என்னைவிட அவருக்குத்தான் நல்லாத் தெரியும். ஓட்டலுக்குப் போனா நான் வாயே திறக்க வேண்டாம். சர்வர் என்னைப் பாத்துக் கேப்பான், அவர் சொல்லிருவாரு. என் போன்கூட அவர் பையிலதான் இருக்கும், நான் எங்கயாவது கீழ போட்டுருவேன்னு. குடுத்து வைக்கணும்ங்க.

எட்டரைக்கு நடக்க ஆரம்பிச்சோம். வழி காட்டுறதுக்கு அந்த ஊர்க்காரர் பொன்னுவேலு முன்னால போனாரு. அவர் பின்னால எங்க வீட்டுக்காரர். அப்பறம் மத்தவங்க. முதல்ல காப்பித் தோட்டம், அதைத் தாண்டினா காடு. கீழ திண்டுக்கல்ல வெயில் கொளுத்துது, அங்க மரத்துக்கடியில புடவைத் தலைப்பை இழுத்துப் போத்திக்கிற மாதிரி குளிரு. நின்னு நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு, ஒருத்தர் பாட, இன்னொருத்தர் சிரிக்க, யாருக்கும் அவசரமில்லை. வேணி என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா. சின்னப் புள்ளையில ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவேன், அப்பிடி. சந்தோசமா இருந்தா. அதைத்தான் நினைச்சு நினைச்சுப் பாக்குறேன். ரெண்டு மணி நேரம் அவ அவ்வளவு சந்தோசமா இருந்தா.

பாறை மேல உக்காந்து முறுக்கு திங்கிறப்ப செண்பகவல்லி அம்மா அவகிட்ட நகந்து வந்து உக்காந்தாங்க. பொறுமை கிடையாது அந்தம்மாவுக்கு. "ஏம்மா, ராத்திரி ட்யூட்டியெல்லாம் உண்டா? திண்டுக்கல்லுக்கு மாத்தல் கேட்டா குடுப்பாங்களா? எங்க இளங்கு காலையில எட்டு மணிக்கெல்லாம் சாப்பிட்டுருவான்" அப்பிடின்னாங்க.

வேணி கையில இருந்த முறுக்கைக் கீழ வச்சா. என்னைப் பாத்தா. ஒரு பார்வைதான்.

"அக்கா, நாம நடக்கத்தான வந்தோம்?"

"ஆமா, நடக்கத்தான்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற என்ன இருக்கு?"ன்னேன். என்ன சொல்லச் சொல்றீங்க? அவர் பக்கத்துல நிக்கிறாரு.

அவ தலையை ஆட்டினா. எந்திரிச்சா. தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டு வந்த வழியிலேயே விடுவிடுன்னு நடக்க ஆரம்பிச்சுட்டா. "வேணி! நில்லு! வேன் சாயங்காலம்தான் வரும்!"னு அவர் சத்தம் போட்டாரு. அவ நிக்கலை. நாங்க எல்லாரும் அவ பின்னாடியே ஓடினோம். ஒரு வளைவுல திரும்பினா, அவ அசையாம நிக்கிறா. அவளுக்கு முன்னால பாதையை அடைச்சுக்கிட்டு ஒரு காட்டுமாடு.

நீங்க பாத்திருக்கீங்களா? நம்ம வீட்டு மாடுன்னு நினைச்சுராதீங்க. கருகருன்னு, இந்த பஸ் ஜன்னல் உசரம். நாலு காலும் முழங்கால் வரைக்கும் வெள்ளையா சாக்ஸ் போட்ட மாதிரி. கத்தலை, முட்ட வரலை. சும்மா நின்னு எங்களைப் பாத்துச்சு. மூக்குல ஒரு சீறல். அவ்வளவுதான்.

பொன்னுவேலு கையைக் காட்டி எல்லாரையும் பின்னால நகத்தினாரு. "ஒண்டி மாடு. சத்தம் போடாம வாங்க. முதுகைக் காட்டாதீங்க." பாதைக்கு மேல பழைய கல்லுக் கட்டடம் ஒண்ணு இருந்துச்சு, தோட்டக்காரங்க எப்பவோ காப்பிக்கொட்டை போட்டு வச்ச அறையாம். தகரக் கூரை. கதவு ஒத்தப் பலகை. அதுக்குள்ள பதினாலு பேரும் பொன்னுவேலுவும் நுழைஞ்சோம். அஞ்சு நிமிஷத்துல போயிரும்னு பாத்தா, மேல் பக்கத்துல இருந்து மந்தையே இறங்கி வருது. பசுவும் கன்னுமா பன்னண்டோ பதிமூணோ. கட்டடத்தைச் சுத்தி நின்னு புல்லு மேய ஆரம்பிச்சுருச்சு.

"இனி அதுங்களாப் போனாத்தான் உண்டு. கன்னு கூட இருக்கு. ஒருத்தரும் சத்தமாப் பேசாதீங்க. மெதுவாப் பேசினா ஒண்ணும் பண்ணாது"ன்னு பொன்னுவேலு சொல்லிட்டு வாசல்ல குத்தவச்சுட்டாரு. அப்ப மணி பதினொண்ணரை.

உக்கார இடமில்லை. ஒருத்தர் மூச்சு இன்னொருத்தர் கழுத்துல படுது. செண்பகவல்லி அம்மா என் காலை மிதிச்சுக்கிட்டே சாமி பேரைச் சொல்றாங்க. எனக்குப் பக்கத்துல வேணி. அவளுக்கு நேர் எதிர்ல, ஒரு சாண் தள்ளி, அந்தப் பையன். ரெண்டு பேரும் எங்க பாக்குறதுன்னு தெரியாம கூரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.

அரை மணி நேரம் அவர் பொறுத்துப் பாத்தாரு. அப்பறம் ஆரம்பிச்சாரு. ஆனா சத்தம் போட முடியாதுல்ல. குசுகுசுன்னுதான்.

"ஏன் வேணி, நாலு பேரு முன்னாடி என்னை அசிங்கப்படுத்தணும்னே வந்தியா?"

"நான் நடக்க வந்தேன் மாமா"ன்னு அவளும் குசுகுசுன்னு.

"இந்தத் தம்பிக்கு என்ன குறை? இப்ப சொல்லு. எனக்கு இப்பவே பதில் வேணும்."

"குறை ஒண்ணும் இல்லை. எனக்கு வேண்டாம்."

"என்ன?"

"வேண்டாம்னேன்."

அவருக்குக் கோவம் வந்தா எங்க தெருவே அடங்கிப் போயிரும்ங்க. அப்படிப்பட்ட குரல். அன்னைக்கு அந்தக் குரலை அவர் வெளியில எடுக்க முடியலை. நரம்பு புடைக்குது, முகம் செவக்குது, வர்றது என்னவோ காத்து மாதிரி ஒரு சத்தம். பின்னால நின்ன ஒருத்தர், "சார் என்ன சொன்னாரு?"ன்னு கேட்டாரு. யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. எனக்கு அவரைப் பாக்கவே பாவமா இருந்துச்சு.

அப்பத்தான் அந்தப் பையன் வாயைத் திறந்தாப்ல. "சார், இதுக்குத்தான் கூப்பிட்டீங்கன்னு எனக்கும் தெரியாது சார். மன்றத்து நடைன்னுதான் அம்மாவும் சொன்னாங்க. நீங்க சூப்பிரண்ட், வரலைன்னு சொல்ல முடியலை." அப்பறம் வேணியைப் பாத்து, "மன்னிச்சுக்குங்க"ன்னாப்ல. அவங்கம்மா அவன் தொடையில நறுக்குன்னு கிள்ளினதை நான் பாத்தேன். கத்தவும் முடியாம பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னாப்ல, பாவம்.

இதுக்கு நடுவுல என் பாடு என்னன்னு கேளுங்க. சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு, நீங்க பொம்பளைங்கிறதால சொல்றேன். காலையில நாலரைக்கு வீட்டுல பாத்ரூம் போனது. டீக்கடையில இறங்கலையா, மலையடிவாரத்துல இன்னொரு இடத்துல எல்லாப் பொம்பளைங்களும் போனாங்க, "உனக்கு அவசரம் இல்லைல்ல மங்கை"ன்னு அவர் கேட்டாரு. கேட்டாருன்னா, சொன்னாரு. சரின்னு இருந்துட்டேன். இப்ப மணி ஒண்ணு தாண்டிருச்சு. அடிவயிறு கல்லா இருக்கு. வேர்த்துக் கொட்டுது. கண்ணை இருட்டுது. சுவத்துல சாஞ்சு ரெண்டு காலையும் பின்னிக்கிட்டு நிக்கிறேன். வெளிய அந்த மாடுங்க, உள்ள அத்தனை ஆம்பளைங்க, நடுவுல நான். செத்துப் போயிரலாம்னு இருந்துச்சு.

வேணி கவனிச்சுட்டா. "அக்கா, என்ன பண்ணுது? என்ன வேணும்?"

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள, "அவளுக்கு ஒண்ணும் வேண்டாம்"னு அவர் சொல்லிட்டாரு.

"நான் அக்காகிட்டக் கேட்டேன் மாமா."

"அதான் சொன்னேன்ல, ஒண்ணும் வேண்டாம்னு."

வேணி அவரைப் பாக்கவே இல்லை. என் காதுக்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டா. நான் தலையை ஆட்டினேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. அவ கூட்டத்துக்குள்ள நகந்து நகந்து பொன்னுவேலுகிட்டப் போயி ஏதோ பேசினா. அவர் எட்டிப் பாத்துட்டு, "கட்டடத்துப் பின்பக்கம் ஒரு பாதிச் சுவரு இருக்கும்மா. மாடு இருபது அடி தள்ளித்தான் நிக்குது. ஓடாம, சுவத்தை ஒட்டிப் போனா ஒண்ணும் செய்யாது. நான் இங்க நின்னு பாத்துக்கிறேன்"ன்னாரு.

வேணி வந்து என் ஒரு கையைப் பிடிச்சா. அவர் பிடிச்ச பிடியாப் பிடிச்சுக்கிட்டாரு இந்தக் கையை. "பைத்தியமா உங்களுக்கு? மங்கை, உள்ள நில்லு. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ. உன்னால முடியும்." எட்டு மணி நேரம் ஆச்சுங்க. ஆனா அவர் பயந்துதான் சொன்னாரு, மாடு முட்டிருமேன்னு. என் மேல அவ்வளவு உசுரு.

அந்தக் கையை நான் எப்படி உருவினேன்னு தெரியலை. வேர்வையில வழுக்கியிருக்கும்.

அப்ப அந்தப் பையன் ஒரு காரியம் பண்ணாப்ல. வாசல் பக்கம் முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு, "எல்லாரும் எதிர்ச் சுவத்தைப் பாத்துத் திரும்பி நில்லுங்க"ன்னாப்ல. குசுகுசுன்னுதான். ஆனா அத்தனை பேரும் திரும்பினாங்க. செக்‌ஷன்ல ஜூனியர், அவன் சொல்லி எல்லாரும் கேக்குறாங்க. எங்க வீட்டுக்காரர் மட்டும் திரும்பலை. "மங்கை! மங்கை!"ன்னு பல்லுக்கு நடுவுல கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. நான் கேக்கலை. காதுல விழலைன்னு வச்சுக்குங்களேன்.

வெளிய வந்தா வெளிச்சம் கண்ணைக் கூசுது. சுவத்தைத் தடவிக்கிட்டே போறோம். ஒரு பசுவு தலையைத் தூக்கிப் பாத்துச்சு. அதோட கன்னு மடியை முட்டி முட்டிப் பால் குடிச்சுக்கிட்டிருக்கு. நாங்க பொம்பளைங்கன்னு அதுக்குத் தெரிஞ்சுதோ என்னவோ, மறுபடி குனிஞ்சு மேய ஆரம்பிச்சுருச்சு. பின்பக்கம் அந்தப் பாதிச் சுவத்துக்கு மறைவுல வேணி என்னை உக்கார வச்சுட்டு, தான் மாட்டைப் பாத்து நின்னுக்கிட்டா.

முடிச்சு எந்திரிச்சப்ப உடம்பே பஞ்சு மாதிரி ஆயிருச்சு. சிரிப்பா வந்துச்சு எனக்கு. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். வேணிக்குச் சிரிப்பு வரலை.

"காலையில இருந்து அடக்கிட்டா இருந்த? ஏன்கா சொல்லலை?"

"அவர் வேண்டாம்னாருடி."

அவ என்னையே பாத்தா. அப்பறம் அந்தச் சுவத்துல முகத்தை வச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டா. சத்தம் வராம, தோள் குலுங்கக் குலுங்க. எனக்கு ஒண்ணுமே புரியலை. மாப்பிள்ளை வேண்டாம்னு சொன்னவ அவ. அவமானப்பட்டு நிக்கிறது நாங்க. அழுதா நான்ல அழணும்? அவ என்னத்துக்கு அழணும்? உங்களுக்கு ஏதாவது புரியுதா?

முதுகைத் தடவிக் குடுத்தேன். "பையன் நல்லவன்டி. பாத்தேல்ல, எல்லாரையும் திரும்பி நிக்கச் சொன்னான். இந்தக் காலத்துல இப்படி யாரு கிடைப்பா?"

"நல்லவருதான்கா. நல்லவங்களையெல்லாம் கட்டிக்கணுமா?"

"உள்ள போலாம் வா"ன்னேன். சொன்னேனே தவிர, நான் எந்திரிக்கலை. அங்க ஒரு கல்லு கிடந்துச்சு, அதுல உக்காந்துட்டேன். அவளும் பக்கத்துல உக்காந்தா. முன்னால அந்த மாடுங்க மேயுது, கன்னுக்குட்டிங்க ஒண்ணோட ஒண்ணு முட்டி விளையாடுது. யாரும் என்னை ஒண்ணும் கேக்கலை, நானும் யாரையும் ஒண்ணும் கேக்கலை. எவ்வளவு நேரம் உக்காந்திருந்தோம்னு நினைக்கிறீங்க? முக்கால் மணி நேரம்னு அவர் அப்பறம் சொன்னாரு. எனக்கு அஞ்சு நிமிஷம் மாதிரி இருந்துச்சு. கட்டடத்துக்குள்ளதான் பத்திரம்னு தெரியுது, ஆனாலும் போகத் தோணலை. பயத்துல கால் வரலைன்னு நினைக்கிறேன்.

பொன்னுவேலு வந்து கூப்பிட்டப்பறம்தான் உள்ள போனோம். மூணரைக்கு மந்தை தானாக் கீழ இறங்கிப் போச்சு. ஒண்டி மாடும் எங்கயோ போயிருச்சு. எல்லாரும் வெளிய வந்து கையைக் காலை நீட்டி, இப்பச் சத்தமாப் பேச ஆரம்பிச்சாங்க. அவரும் பேசுவாருன்னு பாத்தேன். பேசலை. செண்பகவல்லி அம்மா மகனைத் திட்டிக்கிட்டே நடந்தாங்க. அந்தப் பையன் வேணிகிட்ட ஒரு வணக்கம் சொன்னாப்ல, அதோட சரி. போன மாசம் அவனுக்கு வேற இடத்துல நிச்சயமாயிருச்சு. கேட்டதும் என் வயிறு எரிஞ்சுச்சு. வேணியோ வாழ்த்துச் சொல்லி மெசேஜ் அனுப்பியிருக்கா!

வேன்ல அவர் எழுதி வச்ச சீட்டுலதான் உக்காந்தோம், அவர் பக்கத்துல நான். வீடு வர வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்தும் இல்லை. பதினோரு நாள் பேசலைங்க என்கிட்ட. சாப்பாடு வச்சா சாப்பிடுவாரு, எந்திரிச்சுப் போயிருவாரு. என்ன சமைக்கிறதுன்னு கேட்டா பதில் இல்லை. எந்தப் புடவை கட்டுறதுன்னு கேட்டா பதில் இல்லை. கை ஒடிஞ்ச மாதிரி ஆயிருச்சு எனக்கு. அப்பறம் கேக்குறதை விட்டுட்டேன்.

தப்பு யார் மேலங்க? வேணி மேலதானே? ஒரு மனுசன் அவளுக்காக அவ்வளவு மெனக்கெட்டு ஒரு மலையையே ஏற்பாடு பண்ணியிருக்காரு.

பன்னண்டாம் நாள் காலையில பேப்பரைப் படிச்சுக்கிட்டே பேசினாரு. பேப்பரை இறக்கலை. "அடுத்த மே மாசம் நீ வர வேண்டாம். வீட்டுலயே இரு"ன்னாரு.

எனக்குச் சந்தோசம், அப்பாடா பேசிட்டாருன்னு. இருபத்தாறு வருஷமா அவர் எது சொன்னாலும் நான் சொல்றது ஒரே வார்த்தைதான், சரிங்கன்னு. அன்னைக்கும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பாக்கலாம்"னு வந்துச்சு.

பேப்பர் இறங்குச்சு. அவர் என்னைப் பாத்தாரு. நான் அவரைப் பாத்தேன். அடுப்புல குழம்பு கொதிச்சுக்கிட்டிருந்துச்சு, ஆனா நான் உள்ள போகலை, அங்கேயே நின்னேன்.

வாய் தவறித்தாங்க வந்திருக்கும். இல்லையா? நீங்க ஏன் சிரிக்கிறீங்க?